காலண்டரில் யார் முகம்

"இந்த வாரமும் மொத எடம் பெத்தணனுக்குத்தான். முந்நூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு புள்ளி" என்று தேவாசீர்வாதம் சார் வாசித்து முடித்ததும் பெத்தணனுக்குச் சந்தேகம் தட்டியது.

வேறொருவன் என்றால் எழுந்து ஆடியிருப்பான். பெத்தணன் அந்த ரகம் இல்லை. ஓட்டலில் இட்லி மெத்தென்று இருந்தால் மாவில் என்னத்தைக் கலந்தார்கள் என்று யோசிக்கிற ஆள். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் இருபது வருடமாகக் கட்டிங் மிஷினில் நிற்கிறான். சந்தேகப்படாதவனுக்கு அந்த மிஷினில் விரல் தங்காது என்பான். அவனுக்குப் பத்து விரலும் இருப்பதால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

ஆனைக்குட்டத்துக்கு ரோடு பிரிகிற விலக்கில் இருக்கிறது பொன்னுத்தங்கம் அக்காவின் டீக்கடை. ஞாயிறு சாயங்காலம் நாலு கூட்டாளிகளும் அங்கேதான் கூடுவார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிற தேவாசீர்வாதம் சார், பெத்தணனோடு அதே அச்சகத்தில் ஆப்செட் மிஷின் ஓட்டுகிற தனுஷ்கோடி, பட்டாசுக் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிற ஜெயபாண்டி, நாலாவது பெத்தணன்.

தனுஷ்கோடி வடையை அவன் பக்கம் தள்ளினான். "சாப்பிடு மாப்ள. இந்த வருசம் ஒன் மூஞ்சிதான் போல."

பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் தனுஷ்கோடி தன் வடையை யாருக்கும் தள்ளியதில்லை. பெத்தணன் வடையை ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கடித்தான்.

அவன் மனசுக்குள் வேறு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாரத்துக்கு ஐந்து கிரிக்கெட் ஆட்டக்காரர்களைச் சீட்டில் எழுதலாம். இந்த வாரம் அவன் எழுதியவர்களில் ஒருவன் முதல் பந்திலேயே கிளம்பிவிட்டான். இன்னொருவன் கைக்கு வந்த கேட்ச் இரண்டையும் நழுவவிட்டான். ஐந்து பேரையும் சேர்த்து, தாராளமாகவே கூட்டினாலும் நூற்றுப் பன்னிரண்டைத் தாண்டாது. அப்படியானால் மிச்சப் புள்ளி எங்கிருந்து வந்தது? யார் போட்ட பிச்சை?

இந்த விளையாட்டு பிறந்த கதையைச் சொன்னால்தான் பெத்தணனின் வயிற்றெரிச்சல் விளங்கும். கரண்டு இல்லாமல் ஊரே வெந்துகொண்டிருந்த 2012-ஆம் வருடம் அது. அச்சகத்தில் பாதி நேரம் மிஷின் நிற்கும், வீட்டில் டிவி நிற்கும். சாயங்காலம் மேட்ச் தொடங்கி நாலு ஓவர் போனதும் கரண்டு போய்விடும். பள்ளிக்கூட டயரிக்கு ஆர்டர் கொடுக்க வந்திருந்த சாரும், அவரை ஏற்றிப்போக வந்த ஜெயபாண்டியும், வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த மற்ற இரண்டு பேரும் இருட்டுக்குள் வாய்ச்சண்டை போட்டார்கள். யார் நல்ல ஆட்டக்காரன், யார் தண்டம் என்று பேச்சு முற்றியது. சண்டையை முடிக்கப் பெத்தணன்தான் ஒரு வழி சொன்னான். கழிவில் கிடந்த காலண்டர் தேதித்தாளை ஆளுக்கு ஒன்று எடுத்து, பின்பக்கம் ஐந்து ஆட்டக்காரர்களை எழுதி மடித்து வைப்போம், காலையில் பேப்பர் வந்ததும் எடுத்துப் பார்ப்போம் என்றான்.

மறுநாள் பேப்பர் வந்தது. அந்த முதல் ஆட்டத்தில் பெத்தணன்தான் கடைசி.

அன்றிலிருந்து அது விடவில்லை. ஓட்டத்துக்கு ஒரு புள்ளி, விக்கெட்டுக்கு இருபத்தைந்து, கேட்சுக்குப் பத்து. ஒரே பேரில் மூன்று ஆட்டக்காரர்கள் இருந்து ஒரு தடவை அடிதடி வரை போனதால், ஆட்டக்காரன் பேரை எழுதாமல் அணியின் முதலெழுத்தும் சட்டை எண்ணும் மட்டும் எழுதுவது என்று ஆனது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குள் அந்தத் தேதித்தாளில் எழுதிய சீட்டு பொன்னுத்தங்கம் அக்கா கடைத் தகர டப்பாவுக்குள் விழவேண்டும். டப்பாவின் சாவி சாரிடம். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்துக் காப்பியடிக்கிறார்கள் என்று பெத்தணன் கத்தியதால், ஒரு வார ஆட்டம் முடிந்து மறு ஞாயிறு சார் மொத்தப் புள்ளியை மட்டுமே வாசிப்பார். இந்த விதிகளில் முக்கால்வாசி பெத்தணனின் சந்தேகத்தில் பிறந்தவைதான். பின்னால் இதே மாதிரி ஆட்டம் போனில் வந்து ஊரெல்லாம் விளம்பரம் ஓடியது. டயரி ஆர்டர் கொடுக்க பெங்களூரிலிருந்து வந்த ஒரு ஆள் தன் சீட்டை எட்டிப் பார்த்ததாகவும், அவன்தான் யோசனையைத் திருடிக்கொண்டு போனான் என்றும் பெத்தணன் இன்றுவரை நம்புகிறான்.

சீசன் முடிவில் எல்லா வாரத்தையும் கூட்டி ஜெயித்தவனுக்குப் பரிசு பணமில்லை. அதைவிடப் பொல்லாதது. அடுத்த வருடத்துக் காலண்டர் சீசனில், ஜெயித்தவனின் போட்டோவை அட்டையில் போட்டு ஐந்தே ஐந்து தினசரிக் காலண்டர் அடிப்பார்கள். நாலு வீட்டுக்கு நாலு, டீக்கடைக்கு ஒன்று. வருடம் முழுக்க அதை மாட்டியே ஆகவேண்டும். கழற்றக் கூடாது, திருப்பி வைக்கக் கூடாது. காலையில் எழுந்து ஜெயித்தவன் முகத்துக்குக் கீழேதான் தேதி கிழிக்கவேண்டும்.

பதினோரு வருடத்தில் சார் நான்கு முறை, ஜெயபாண்டி மூன்று முறை, தனுஷ்கோடி நான்கு முறை. பெத்தணன் ஒரு தடவைகூட இல்லை. இப்போது அவன் வீட்டு அடுப்படிச் சுவரில் தனுஷ்கோடி இரண்டாவது வருடமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு தொங்குகிறான். ஒன்பது வருடத்துக்கு முன்னால், அந்தத் தடவை நிச்சயம் என்று நம்பி, பெத்தணன் நீலச் சட்டை போட்டு ஸ்டுடியோவில் போட்டோ எடுத்தான். அது பீரோவில் ரேஷன் கார்டோடு கிடக்கிறது. அதில் அவன் மீசை முழுக்கக் கறுப்பு.

அந்தப் போட்டோ அட்டை ஏறவேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை. ஆனால் பிச்சையாக ஏறக்கூடாது.

பொங்கல் சமயத்தில் ஒரு கல்யாண வீட்டில், கைகழுவுகிற இடத்தில் தனுஷ்கோடி ஜெயபாண்டியிடம் சொன்னது அவன் காதில் விழுந்திருந்தது. "பாவம்லே பெத்தணன். ஒரு வருசமாச்சும் அவனுக்கு விட்டுக்குடுக்கணும்." அன்றைக்கு அதை விளையாட்டுப் பேச்சென்று விட்டுவிட்டான். இப்போது ஒவ்வொரு எழுத்தும் ஞாபகத்துக்கு வந்தது. மூன்று பேரும் சேர்ந்து பேசி வைத்திருக்கிறார்கள். சார் புள்ளியை ஏற்றி வாசிக்கிறார். கடைசி நாளில், மாலையும் போட்டு, "ஏலே, நீயா ஜெயிச்சே?" என்று கேட்டு ஊர் சிரிக்கச் சிரிக்கச் சொல்லப்போகிறார்கள். நினைக்க நினைக்க அவனுக்கு உடம்பு கொதித்தது.

வீட்டுக்கு வந்து மனைவி அழகுமீனாவிடம் கொட்டினான். அவள் ஜெயபாண்டி ஓட்டுகிற வேனில் போய், பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய் சுற்றுகிறவள்.

"எவனோ டப்பாவுக்குள்ள கைய வைக்கான் மீனா. இல்லைன்னா சார் கணக்க மாத்துறாரு."

"ஜெயிச்சாலும் வையுறீக, தோத்தாலும் வையுறீக" என்றாள் அவள், ரசத்தை இறக்கிக்கொண்டே. "கெடச்ச மட்டும் சந்தோசமா இருங்களேன்."

"ஒனக்கு என்ன தெரியும் இந்த வெளையாட்டப் பத்தி?"

அவள் சோற்றைப் போட்டாள்.

சந்தேகத்தைச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று பெத்தணன் முடிவு செய்தான். அடுத்த சனிக்கிழமைச் சீட்டில் ஐந்து பேரை எழுதினான். ஐந்தும் காயம்பட்டு, ஊருக்குப் போய்ப் படுத்திருக்கிற ஆட்டக்காரர்கள். மைதானத்தில் காலே வைக்க மாட்டார்கள். ஒரு புள்ளி வந்தாலும் அது திருட்டுப் புள்ளிதான். நோட்டுப் புத்தக சீசன் என்பதால் இந்த வருடம் அவனுக்கு ஷிப்ட் காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடும். ஐந்தரைக்குச் சீட்டை மடித்து வழக்கம்போல அழகுமீனாவிடம் கொடுத்தான். அவள் வேன் ஏறுவது அந்த டீக்கடை முன்னால்தான்.

"பத்திரமாப் போட்டுரு. யார் கைலயும் குடுத்துராத."

"நான் என்ன சின்னப்புள்ளையா?" என்று வாங்கி முந்தியில் முடிந்துகொண்டாள்.

எட்டு நாள் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். "பெத்தணன், எரநூத்தி அறுபத்திமூணு."

தனுஷ்கோடி கை தட்டினான். "போட்டோவ ரெடி பண்ணுலே."

பெத்தணன் டீக் கிளாஸை ஓங்கி வைத்ததில் பாதி டீ பெஞ்சில் கொட்டியது. பொன்னுத்தங்கம் அக்கா துணியோடு வந்து அவனை முறைத்தாள். அவன் எழுந்து கடையைவிட்டு இறங்கினான். ஆள் அகப்பட்டுவிட்டான். சாவி ஒன்றுதான், அது ஒருவரிடம்தான் இருக்கிறது. இனி கேட்கவேண்டியது ஒரே ஒரு கேள்வி.

மறுநாள் ஷிப்ட் முடிந்த கையோடு சார் வீட்டுக்குப் போனான். நர்ஸ் வேலை பார்க்கிற சாரின் மனைவி ஹெப்சிபா அப்போதுதான் டூட்டி முடிந்து வந்திருந்தாள். "வாங்கண்ணே, காப்பி சாப்பிடுறீகளா?" என்றாள். கூடத்துச் சுவரில் அங்கேயும் தனுஷ்கோடி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"காப்பி வேண்டாம்மா. சார், என் சீட்டையெல்லாம் நான் பாக்கணும்."

"சீசன் முடியமுன்ன காட்டக் கூடாதுன்னு நீங்கதான வெதி போட்டீக?"

"என் சீட்ட நான் பாக்க எந்த வெதியும் தடுக்காது. எடுங்க சார்."

அவன் குரலில் இருந்த சூட்டைப் பார்த்துவிட்டு சார் உள்ளே போனார். கிளிப் போட்ட கட்டு ஒன்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். மேலே இருந்தது போன வாரச் சீட்டு. பெத்தணன் பிரித்தான்.

காயம்பட்டவர்களில் ஒருவன்கூட அதில் இல்லை. வேறு ஐந்து எண்கள். அதற்கு முந்தைய வாரச் சீட்டிலும் அப்படித்தான். ஒவ்வொன்றாகப் புரட்டினான். முதல் இரண்டு வாரச் சீட்டு மட்டும் அவன் எழுதியது. முதல் வாரத்துக்கு வந்த புள்ளி தொண்ணூற்றாறு.

"இது நான் எழுதினது இல்ல சார்."

"வெளையாடாதீக. டப்பால கெடந்தத அப்படியே எடுத்துக் கட்டி வச்சிருக்கேன். ஆண்டவர் மேல ஆணை." சாரின் முகம் சிவந்துவிட்டது. "நாப்பது புள்ளைக பேப்பர் திருத்துறவன் நான். ஒங்க ஒருத்தருக்குப் புள்ளி ஏத்தி எனக்கு என்ன ஆகப்போகுது? நானே ரெண்டு வருசமா செயிக்கல."

பெத்தணன் திரும்பச் சண்டைக்கு வாயெடுத்தவன், அப்படியே நிறுத்திக்கொண்டான். சீட்டின் ஓரத்தில் அவன் பெருவிரல் எதிலோ உரசியது. சொரசொரப்பாக, காய்ந்துபோன பசை. விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். சாம்பல் நிறத்தில் ஒரு விரல் தடம். அடுத்த சீட்டிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

அந்தப் பசையை அவனுக்குத் தெரியும். வீட்டில் தண்ணீர்ச் செம்பில் அது ஒட்டியிருக்கும். சுவிட்சில் ஒட்டியிருக்கும். தலையணை உறையில்கூட ஒட்டியிருக்கும். குழாய் சுற்றுகிறவர்கள் எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் மிச்சமிருந்து வீடுவரை வருகிற மைதாப் பசை.

வீட்டிலிருந்து டீக்கடைக்கு நடந்தால் பத்து நிமிடம். சாவியைச் சந்தேகப்பட்டான், டப்பாவைச் சந்தேகப்பட்டான், பெங்களூர்க்காரனைக்கூடச் சந்தேகப்பட்டான். அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை. அழகுமீனாவுக்கு இதெல்லாம் தெரியும் என்று அவன் நினைத்ததே இல்லை. அந்த வெட்கம்தான் முதலில் வந்தது. கோபம் அதற்குப் பிறகுதான்.

"மன்னிச்சிருங்க சார்" என்று கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கி நடந்தான்.

அழகுமீனா அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவன் நிலைப்படியில் நின்றபடியே கேட்டான்.

"என் சீட்டெல்லாம் எங்க?"

அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். மறைக்கவில்லை. ஈரக்கையை முந்தியில் துடைத்துவிட்டு, அரிசி டிரம் மூடியைத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டினாள். மடிப்புக் கலையாமல் அவன் எழுதிய சீட்டுகள் ஏழும் இருந்தன.

"மொத ரெண்டு வாரம் நீங்க எழுதினதத்தான் போட்டேன். மொத வாரக் கணக்கு தொண்ணூத்தாறுன்னு வந்து ரெண்டு நாள் சோறு திங்கல நீங்க. அதுக்கப்புறம் மாத்திட்டேன்."

"ஒனக்கு எப்படித் தெரியும், யாரு நல்லா ஆடுவான்னு?"

"குழாய் சுத்துறது எதுல? பழைய பேப்பர்லதான? வருசவாரியாக் கட்டுக் கட்டா வந்து எறங்குது. கம்பெனிக்குள்ள போனும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. கையி சுத்தும், கண்ணு சும்மாவா இருக்கும்? பத்து வருசமா வெளையாட்டுப் பக்கம் படிக்கேன். எவன் எந்த ஊரு மைதானத்துல அடிப்பான், எவன் வெயில்ல தெணறுவான், எவனுக்கு எடது கைக்காரன் போட்டா ஆவாதுன்னு எல்லாம் தெரியும். வெள்ளிக்கெழமை சாப்பாட்டு நேரத்துல எழுதி எடுத்துக்கிட்டு வந்திருவேன்."

பெத்தணன் பையைச் சுருட்டிக்கொண்டே, "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?" என்றான்.

"சொன்னா? 'ஒனக்கு என்ன தெரியும்'னு கேப்பீக. எம்புட்டுத் தடவ கேட்டிருக்கீக." அவள் குரல் உடைந்தது. உடனே தலையைத் தூக்கி, சுவரைக் காட்டினாள். "எனக்கு இவுக பல்லப் பாத்துக்கிட்டு இன்னொரு வருசம் அரிசி களைய முடியாது. ஒங்க மூஞ்சி இருக்கட்டுமே இங்கன. பேசாம இருங்க. இன்னும் ஒரு வாரம்தான். யாருக்கும் தெரியாது."

அந்த வாரம் பெத்தணன் தூங்கவில்லை என்றே சொல்லலாம். பேசாமல் இருந்தால் போட்டோ அட்டை ஏறிவிடும். பன்னிரண்டு வருட ஆசை. பேசினால், அவன் போட்ட விதியே அவன் கழுத்தைப் பிடிக்கும். எழுதுகிறவர்தான் ஆடுகிறவர் என்பது அந்த விதி. ஐந்தாவது வருடம் ஜெயபாண்டிக்கு அவன் மருமகன் சீட்டு எழுதிக்கொடுத்ததைக் கண்டுபிடித்து, மூன்றாவது இடத்தில் இருந்த அவனுடைய அந்த வருடப் புள்ளி முழுவதையும் அடிக்கவைத்தது பெத்தணன்தான். ஜெயபாண்டி இன்னும் அதை மறக்கவில்லை. போட்டோவை எடுத்து எடுத்துப் பார்த்தான். கறுப்பு மீசைக்காரன் அவனையே சந்தேகத்தோடு பார்த்தான்.

கடைசி ஞாயிறு. சார் எல்லாப் புள்ளியையும் கூட்டி, பெத்தணன் பேரை முதலில் வாசித்தார். தனுஷ்கோடி, "போட்டோ எங்கலே?" என்று கையை நீட்டினான். பெத்தணன் சட்டைப்பையில் கைவிட்டான். வெளியே வந்தது போட்டோ இல்லை, பிளாஸ்டிக் பை.

"நான் எழுதின சீட்டு இதுதான். டப்பால விழுந்தது என் வீட்டுல எழுதினது. அழகுமீனா எழுதினது."

ஜெயபாண்டி தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "ஏலே, அன்னைக்கு எனக்கு எப்படி அடிச்சே? அடிங்க சார் அவன் பேர! மொத அடிங்க!"

சார் வருத்தத்தோடு அவன் பேரை அடித்தார். அவனுடைய சொந்தச் சீட்டை வைத்துக் கூட்டியும் பார்த்தார்கள். இந்த ஆட்டம் தொடங்கிய நாளிலிருந்து யாருமே அவ்வளவு கீழே போனதில்லை. தனுஷ்கோடி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "அப்போ ரெண்டாவது எடம் நான். இந்த வருசமும் என் மூஞ்சிதான்."

"இல்ல" என்றான் பெத்தணன். "எழுதினவுகதான் ஆடுறவுக. வெதி வெதிதான். எழுதினது அவ. செயிச்சது அவ."

"பொம்பளயாளு எப்படிலே நம்ம ஆட்டத்துல..."

"ஏன், பொம்பளயாளுக்கு எண்ணு எழுத வராதா?" என்று பொன்னுத்தங்கம் அக்கா வடைச் சட்டியைவிட்டு நிமிர்ந்தாள். "பன்னெண்டு வருசமா அந்த டப்பாவுக்குக் காவல் இருக்கேன். எந்தச் சட்டத்துலலே பொம்பள கூடாதுன்னு எழுதியிருக்கு?"

சார் விதித்தாளைத் தேடி எடுத்துப் படித்தார். எழுதியிருக்கவில்லை. அதை எழுதவேண்டும் என்று பெத்தணனின் சந்தேக புத்திக்குக்கூட அன்று தோன்றவில்லை.

அழகுமீனாவிடம் கம்பெனி அடையாள அட்டைப் போட்டோவைத் தவிர வேறு போட்டோ கிடையாது. ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். பச்சைச் சேலையில், வாயை இறுக மூடிக்கொண்டு, கேமராவை நம்பாத மாதிரி பார்த்தாள். தை பிறக்குமுன்னே அந்த முகம் நாலு வீட்டிலும் டீக்கடையிலும் ஏறிவிட்டது. தனுஷ்கோடி அவன் வீட்டு ஆணியில் அதைத் தன் கையாலேயே மாட்டவேண்டியிருந்தது. அழகுமீனா தன் முகத்துக்குக் கீழே நின்று அரிசி களைந்தாள். அடிக்கடி நிமிர்ந்து பார்த்துக்கொண்டாள்.

அடுத்த பங்குனியில் ஆட்டம் மறுபடி தொடங்கியது. இப்போது ஐந்து பேர். முதல் சனிக்கிழமை விடிகாலையில், பெத்தணன் தன் சீட்டை ஒரு கையால் மறைத்துக்கொண்டு எழுதினான். எதிரே அவளும் அப்படியே மறைத்துக்கொண்டு எழுதினாள். ஐந்தரை ஆனதும் அவன் மடித்துக் கொடுத்தான். கொடுத்தவன் சீட்டின் நுனியை விடவில்லை.

"மாத்திர மாட்டியே?"

அழகுமீனா அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவள் பேரில் ஒரு சீட்டு ஏற்கெனவே முந்தியில் முடிந்திருந்தது.

"மாத்தணுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க."

வெளியே அவனை ஏற்றிப்போக வந்த தனுஷ்கோடியின் டிவிஎஸ் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. பெத்தணன் சீட்டின் நுனியைப் பிடித்தபடியே யோசித்துக்கொண்டு நின்றான்.